கையைத் தூக்காத கயல்விழி

செம்மங்குப்பத்திலிருந்து சிதம்பரம் வரைக்கும் சாலையோரத்தில் யார் வீட்டு ஏசி மக்கர் செய்தாலும் கயல்விழிக்குத்தான் போன் வரும். கடலூர் ஐடிஐயில் அவள் சேர்ந்த வருஷம் குளிர்சாதனப் பிரிவில் வேறு பெண்ணே கிடையாது. இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டாள். ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் ஏசிக்கு நிரப்பும் கேஸ் சிலிண்டரை நிறுத்திக்கொண்டு, முதுகில் கருவிப் பையோடு ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை என்று சுற்றி வருவாள். சிதம்பரத்தில் ஏசி விற்கும் கார்த்திகேசன் தன் கடை சர்வீஸ் வேலைகளையும் அவளிடமே விட்டிருந்தார்.

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஓசோன் என்று யாராவது பேச்செடுத்தால் மூஞ்சி மாறிவிடும். அவள் படித்தபோது பழைய பிரிட்ஜ் கேஸ் வானத்தில் ஓட்டை போடுகிறது என்று சொல்லி வேறொன்றைக் கொண்டுவந்தார்கள். அதைப் பழகி முடித்ததும் அது பூமியைச் சூடாக்குகிறது என்றார்கள். இப்போது வருவது நெருப்புப் பட்டால் எரியும் கேஸ். ஒவ்வொரு தடவையும் புதுக் கருவி, புது வகுப்பு.

"இவுங்க மாத்த மாத்த நாமளும் மாறிக்கினே இருக்கணும். மேல ஓட்டைய யாரு போயி பாத்தா?" என்பாள்.

பெருவெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்ற வருஷம், டிவியில் ஒருவர் பருவநிலை மாற்றம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு மாடியில் ஒண்டியிருந்த கயல்விழி டிவியோடு சண்டைக்குப் போனாள். "வாய்க்கால தூர் வாராம வுட்டது யாரு? அத மொதல்ல சொல்லு."

அப்படிப்பட்டவள் ஓசோன் தினக் கூட்டத்துக்குப் போனதற்குக் காரணம் கார்த்திகேசன்தான். பயிற்சிச் சான்றிதழ் இல்லாத மெக்கானிக்கை இனிமேல் ஏசி கம்பெனி ஒப்புக்கொள்ளாது என்று அவர் சொல்லிவிட்டார். கடலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். செலவை ஏற்றிருந்தது செம்மங்குப்பத்தை ஒட்டிய தொழிற்பேட்டையில் இருக்கும் ஒரு ரசாயனக் கம்பெனி. அவள் புருஷன் இளவரசு அங்கேதான் கான்ட்ராக்டில் வேலை செய்தான்.

காலையில் வகுப்பு எடுத்தவள் ஃபர்ஹானா, சிதம்பரத்துப் பெண். இன்ஜினியரிங் முடித்துவிட்டு மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி தருகிறாள். பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் சிலிண்டரில் பிடித்து வைக்கும் மெஷினை ஓட்டிக் காட்டினாள். கயல்விழி கவனமாகத்தான் பார்த்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ரசாயனக் கம்பெனி அதிகாரி மைக்கைப் பிடித்தார். எல்லோரும் எழுந்து வலது கையை நீட்டி உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றார்.

"நான் காற்றை மாசுபடுத்த மாட்டேன்" என்று அவர் வாசிக்க, மண்டபம் திருப்பிச் சொன்னது. கயல்விழி எழுந்து நின்றாள். கை மட்டும் எழும்பவில்லை.

அதிகாரி பார்த்துவிட்டார். "ஏம்மா, நீங்க கைய நீட்டலையா?"

"நீட்டல சார்."

"ஏன்?"

"எங்க வூரு செம்மங்குப்பம். காத்து எங்க பக்கம் திரும்புச்சுன்னா ஜன்னல சாத்திட்டுதான் சோறு திங்கறோம். ராத்திரி புள்ளைங்க இருமறத கேட்டுக்கினே படுக்கறோம். எங்கிட்ட இருக்கறது இந்தச் சின்ன சிலிண்டரு. மொதல்ல நீங்க கைய நீட்டிச் சொல்லுங்க, அப்பறம் நான் சொல்றேன்."

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "இது ஓசோன் சம்பந்தமான கூட்டம். நீங்க சொல்றது வேற டிபார்ட்மென்ட்."

"டிபார்ட்மென்ட் உங்களுக்குத்தான் சார் ரெண்டு. எனக்கு மூக்கு ஒன்னுதான்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். உறுதிமொழி எடுக்காதவருக்குச் சான்றிதழ் இல்லை என்றார்கள். சரி என்று பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து வண்டியை எடுத்தாள்.

விஷயம் அவளுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. கான்ட்ராக்டர் இளவரசைக் கூப்பிட்டு, "பொண்டாட்டிய அடக்கி வைக்கத் தெரியாதா" என்று கேட்டிருக்கிறான். அன்றைக்கே அவனை ராத்திரி ஷிப்டுக்கும் மாற்றிவிட்டான்.

"உனுக்கு எதுக்கு இந்த வம்பு? கைய நீட்டிட்டு வந்தா என்னா கொறஞ்சா போயிடும்?" என்றான் இளவரசு.

"கொறஞ்சிதான் மாமா போவும்."

அவன் ரெண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்தான். மூன்றாம் நாள் கான்ட்ராக்டர் திரும்பவும் அதே பேச்சை எடுத்தபோது, "அவ சொன்னதுல பொய் எது, அத மட்டும் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு வந்தான். வீட்டுக்கு வந்து அதை அவளிடம் சொல்லவில்லை. அவன்கூட வேலை செய்கிறவன் சொல்லித்தான் கயல்விழிக்குத் தெரிந்தது. அன்றைக்கு வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தாள்.

கார்த்திகேசன் வேலை தருவதை நிறுத்திவிட்டார். அவருக்கும் ஏசி கம்பெனி நெருக்கடி. கயல்விழி அவரிடம் கெஞ்சப் போகவில்லை. பழைய ஏசியும் பிரிட்ஜும் வைத்திருக்கிற வீடுகள் அவளைத் தேடித்தான் வந்தன. "இந்த கேஸ் கெடைக்காது, புதுசு வாங்கிடுங்க" என்று கடைக்காரர்கள் சொல்லி அனுப்பியவர்கள் அவர்கள். இன்னும் சில வருஷத்துக்குக் கிடைக்கும் என்று சொல்லி, கயல்விழி ஓட்டையை அடைத்து கேஸ் நிரப்பிக் கொடுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபர்ஹானா ஸ்கூட்டரில் வீடு தேடி வந்தாள். உட்காரச் சொல்லி டீ கொடுத்தாள் கயல்விழி. ஓசோன் ஓட்டையே பொய் என்று கயல்விழி சொல்ல, டீ ஆறுவதற்குள் வாக்குவாதம் தொடங்கிவிட்டது.

"அக்கா, நீங்க கம்பெனிக்காரர கேட்டது நியாயம். ஆனா ஓசோன் பொய்யின்னு சொல்றீங்க பாருங்க, அது தப்பு. பழைய கேஸ நிறுத்துனதாலதான் அந்த ஓட்டை இப்ப மூடிக்கிட்டு வருது. அளந்து பாத்து சொல்றாங்க."

"யாரு அளக்கறா?"

"பல நாட்டுக்காரங்க. ஒருத்தர் இல்ல."

"அவ்ளோ ஒசரத்துல இருக்கறத அளக்கறவங்களுக்கு, எங்க தெருவுல அளக்க ஒரு மெஷினு இல்லயா?"

ஃபர்ஹானா டம்ளரைக் கீழே வைத்தாள். "இங்கயும் வைக்கத்தான் வேணும்க்கா. ஆனா இங்க அளக்கலங்கறதுக்காக அங்க அளந்தது பொய்யாயிடாது."

"இருக்கலாம்" என்றாள் கயல்விழி. பிறகு, "ஆனா கையத் தூக்க மாட்டேன்" என்றாள்.

"தூக்க வேணாம். அந்த மெஷின ஓட்டக் கத்துக்கங்க, போதும்."

"அப்ப வகுப்ப எங்க தெருவுல வையி. சாயங்காலத்துல வையி. அந்த ஆபீசரையும் கூட்டியா."

ஃபர்ஹானா ஒப்புக்கொண்டாள். மாரியம்மன் கோயில் பக்கத்துக் காலி இடத்தில் பந்தல் போட்டார்கள். அக்கம்பக்கத்து மெக்கானிக்குகள் வந்தார்கள். தெருப் பெண்கள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். அதிகாரி வரவில்லை. அதைவிடக் கயல்விழிக்கு எரிச்சலூட்டியது காற்று. தினமும் மூக்கைப் பிடிக்க வைக்கிற காற்று அன்றைக்குப் பார்த்துக் கடலிலிருந்து சுத்தமாக வீசியது.

"ஒரு நாளாவது ஒழுங்கா நாறக் கூடாதா?" என்று அவள் முணுமுணுக்க, இளவரசு வாய்விட்டுச் சிரித்தான்.

அன்றைக்கு அவள் மெஷினை ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஃபர்ஹானா பயிற்சி நிலையத்தில் பேசி, ஒரு பழைய மெஷினைச் செம்மங்குப்பம் மெக்கானிக்குகள் பொதுவில் வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தாள். இப்போது கயல்விழி கேஸைக் காற்றில் விடுவதில்லை. சட்டத்துக்குப் பயந்தா என்று கேட்டால் சுருக்கென்று பதில் வரும். "நல்ல கேஸு. திரும்ப ஊத்தலாம். வீணா எதுக்கு வுடணும்?" ஓசோனை நம்புகிறாளா என்று கேட்டால் மட்டும் கருவிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

அடுத்த செப்டம்பரில் ஓசோன் தினத்துக்குக் கடலூர் மண்டபத்திலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. இந்த முறை உறுதிமொழி எடுத்தால் சான்றிதழோடு பாராட்டும் உண்டு என்று கார்த்திகேசனே போன் செய்து சொன்னார். வேலையும் பழையபடி தருவதாகச் சொன்னார்.

"அந்த ஆபீசரு கையத் தூக்கறாரா?"

"அதெல்லாம் நான் எப்புடிம்மா கேக்க முடியும்?"

"கேட்டுட்டு சொல்லுங்க, வர்றேன். இப்ப ஆலப்பாக்கத்துல ஒரு ஏசி பிரிச்சிப் போட்டுட்டு நிக்கறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள்.