பேச்சியின் தொண்டை

நம்பாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம். ஆனால் இது நடந்தது. பேய் நடுச்சாமத்தில்தான் வரும் என்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: இது பட்டப்பகலில் நடந்தது.

1969 மார்கழி. பதுளை ஆஸ்பத்திரியில் ஆய்வுகூட வேலை பார்த்த வீரசிங்கம், பூனாகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போயிருந்தார். அங்கே தொண்டை அடைப்பான் பரவிக்கொண்டிருந்தது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில், ஒவ்வொரு தொண்டையிலும் பஞ்சுக் குச்சியை விட்டுத் தடவிக் குழாயில் போட்டார்.

குச்சி பட்டால் எந்தப் பிள்ளையும் குமட்டும். கடைசியாக வந்த சிறுமி குமட்டவில்லை. வாயைத் திறந்தபடியே நின்றாள். தொண்டை முழுக்கச் சாம்பல் நிற ஆடை. அதன் ஓரத்தைக் கிளறினால் இரத்தம் வரவேண்டும். வரவில்லை. பனியில் மற்றப் பிள்ளைகளின் வாயிலிருந்து ஆவி பறந்தது. இவள் வாயில்... இல்லை.

பெயர் கேட்டார். பேச்சி என்றாள்.

மறுநாள் காலை மற்றக் குழாய்கள் எல்லாம் சுத்தம். பேச்சியின் குழாயில் மட்டும் கிருமி மண்டிக் கிடந்தது. கண்ணாடியில் தடவி, நெருப்பில் காட்டி, சாயம் ஏற்றி, நுணுக்குக்காட்டியில் பார்த்தார். பச்சைக் குச்சிகள். நுனியில் கறுப்புப் புள்ளிகள். தொண்டை அடைப்பானேதான். நெருப்பில் செத்த கிருமி அசையாது.

இவை அசைந்தன.

கண்ணைக் கசக்கினார். நின்றுவிட்டன. தூக்கக் கலக்கம் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டார், பாவி மனுஷன்.

கையிருப்பில் அந்த நோய்க்கான விஷமுறிவு மருந்து ஒரே ஒரு போத்தல். அடுத்தது நாளை ரயிலில்தான் வரும். அதே தோட்டத்துப் பையன் முத்தையன் தொண்டை வலியோடு வார்டில் கிடந்தான்; அவன் தொண்டையைத் தடவிய குழாயும் சுத்தமாகவே இருந்தது. அவனுக்குத்தான் அதைப் போட டொக்டர் பரமலிங்கம் எடுத்து வைத்திருந்தார்.

வீரசிங்கம் பேச்சியின் குழாயைப் பற்றிச் சொன்னதும், "வடிவாப் பாத்தனீரா?" என்றார் டொக்டர்.

"இவன்ர குழாயில ஒண்டும் இல்லை, டொக்டர். மருந்து போகாட்டி அந்தப் பிள்ளை தப்பாது."

வீரசிங்கமே போத்தலோடு லொறியில் ஏறினார்.

பிள்ளைக் காம்பரா ஆயா அவரை ஒருமாதிரிப் பார்த்தாள்.

"பேச்சியா? அது போன மாசமே தொண்டை அடைச்சுச் செத்துப்போச்சுங்க. அதோட தம்பிதான் இப்ப பதுளையில கெடக்கான்... முத்தையன்."

லொறியைத் திருப்பச் சொன்னார். மழை. பாதையில் மண் சரிவு. மடியில் போத்தல் குலுங்கியது.

வந்து சேர்ந்தபோது, பையனை முகத்தோடு மூடியிருந்தார்கள்.

ஆய்வுகூடத்துக்கு ஓடினார். பேச்சியின் குழாய்... சுத்தம். முத்தையனின் குழாயில் கிருமி மண்டிக் கிடந்தது.

வெளியே தாய் நின்றாள். அழவில்லை. மருந்தை யாருக்குக் கொண்டு போனார் என்று மட்டும் கேட்டாள்.

சொன்னார்.

"எங்கிட்டயும் வந்து தம்பியக் கேட்டா, ஐயா... நான் குடுக்கல."