சோற்றுக்கடைக்கு வந்த புது மீன்

இப்போது அருப்புக்கோட்டை மீன்கடைகளில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மத்திதான். கடல் சூடேறியதில் மேற்குக் கரை மீன் நம் பக்கம் வந்துவிட்டது, நம் சூடை மீன் குறைந்துபோயிற்று என்கிறார்கள். சூடையை நினைத்தால் எனக்கும் வருத்தம்தான். ஆனால் மத்தியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். எழுபதுகளிலேயே, வழிதவறி வந்த ஒரு கூடை மத்தியைத் திருச்சுழியில் குழம்பு வைத்துப் பரிமாறியவள் நான்.

பஸ் ஸ்டாண்டை ஒட்டி அப்போது எனக்கு ஒரு சோற்றுக்கடை இருந்தது. கடற்கரையிலிருந்து முதல் பஸ்ஸில் ஒரு மீன்காரி வருவாள். எப்போதும் சூடைதான் கொண்டுவருவாள். அன்று கூடைக்குள் தடித்த, முதுகில் பச்சை மின்னும் வேறு மீன் கிடந்தது. ஊரெல்லாம் சுற்றிவிட்டு அதே பாரத்தோடு என் வாசலில் இறக்கினாள்.

“மூணு நாளா வலையில இதுதான் விழுகுதுக்கா. இங்க ஒருத்தரும் தொட மாட்டேங்குறாக. நீங்களும் வேண்டாமுன்னா கொட்டிட்டுப் போக வேண்டியதுதான். இனிமே இந்தப் பக்கம் வந்தும் பிரயோசனமில்ல.”

அவள் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. மொத்தத்தையும் வாங்கிக்கொண்டேன்.

சூடைக்கு ஊற்றுவதுபோலவே நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றினேன். மீனைப் போட்டதும் அது தன் எண்ணெயையும் கக்கியது. குழம்பின் மேல் விரல் கனத்துக்கு எண்ணெய் நின்றது. முதலில் வந்து உட்கார்ந்தவர்கள் போட்ட சோற்றை அப்படியே விட்டு எழுந்துவிட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சட்டியை இறக்கிவைத்தேன். மிச்ச மீனை ஒரு சொட்டு எண்ணெய்கூட ஊற்றாமல், புளியும் மிளகாய்வத்தலும் தூக்கலாக வைத்துக் கொதிக்கவிட்டேன். மீன்காரி போகாமல் அடுப்பருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வத்தல் லோடு ஏற்ற வரும் கமிஷன் கடைக்காரர் ஒருவர், தினமும் என்னிடம் சாப்பிடுகிறவர், சட்டியை எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தார்.

“ஏந்தாயி, எங்கேருந்தோ வந்த மீனெல்லாம் நமக்கு எதுக்கு?”

எனக்குச் சுருக்கென்றது. “வீட்டுல தெலுங்கு பேசுற நெசவுக்காரி ஆக்குன சோத்த நித்தம் சாப்பிடுறீகல்ல? எங்க பாட்டன் பூட்டனெல்லாம் எங்கேருந்தோ வந்தவுகதான். உக்காந்து சாப்பிட்டுட்டுப் பேசுங்க!”

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். இரண்டாம் தடவை சோறு கேட்டார். மூன்றாம் தடவை குழம்பு மட்டும் கேட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் உட்கார, வெயில் சாய்வதற்குள் சட்டி காலி. எடுத்துவைத்திருந்த இரண்டு மீனை மீன்காரிக்கு இலையில் போட்டேன். ஓரத்தில் கிள்ளி வாயில் வைத்தவள் மறுபடியும் கிள்ளினாள்.

“நல்லாத்தான்க்கா இருக்கு. எங்க ஊருல இத யாரும் திங்க மாட்டோம். நானே இன்னைக்குத்தான் வாயில வைக்கிறேன்.”

“அடிப்பாவி! நீ திங்காததையா எங்க தலையில கட்டுன?” என்று கரண்டியை ஓங்கினேன்.

அவள் அசையவில்லை. “எப்படி வச்சீகன்னு சொல்லுங்கக்கா. ஊருல போயிச் சொல்லணும்.”

அதுவரை கடலைக் கண்ணால்கூடப் பார்த்திராத நான், கடற்கரைக்கே மீன்குழம்பு சொல்லிக்கொடுத்து அனுப்பினேன்.