லோசே சொன்னதாக

தம்பிகளின் பிள்ளைகளுக்கெல்லாம் பெயர் வைத்தவள் லோசே. ஹாபாய் தீவின் படகுத்துறையில் சீட்டு கிழிப்பது அவள் வேலை. கல்யாணமாகவில்லை. ஆனாலும் அத்தை அல்லவா; அந்தத் தீவுகளில் குடும்பத்துக்குள் அத்தைக்கு மேல் ஆளில்லை. எந்த விருந்திலும் முதல் பன்றித்துண்டு அவளுக்கு, கடைசி வார்த்தையும் அவளுடையது. அந்த வார்த்தைகள் எதற்கும் அதுவரை எடை இருந்ததில்லை.

கடைசித் தம்பி ஃபினாவின் மனைவி சியாலேக்கு மாதம் நிறையுமுன்பே வலி கண்டது. தலைநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். பிள்ளை உள்ளே தலை மேலாக உட்கார்ந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே மழையும் கடலும் ஒரே சாம்பல் நிறம்; எது எங்கே முடிகிறதென்று தெரியவில்லை.

டாக்டர் ஒஃபா, ஃபினாவை அழைத்தாள். வளர்ந்த தம்பி அக்கா இருக்கிற அறைக்குள் நுழைவது அங்கே வழக்கமில்லை; அதுவும் பிரசவப் பேச்சுக்கு அவன் எப்படி வருவான்? வராந்தாக் கோடியிலேயே நின்றான்.

"எங்க அக்கா சொல்றதுதான் டாக்டர். அவங்களையே கேளுங்க."

டாக்டர் லோசேயிடம் வந்தாள். "ரெண்டுலயும் பயம் இருக்கும்மா. தானா பிறக்கட்டும்னு விட்டா, உடம்பு வந்து தலை மாட்டிக்கலாம். குறைமாசத்துல தலைதான் பெருசு. ஆபரேஷன்னா, கர்ப்பப்பையை நெடுக்க வெட்ட வேண்டி வரலாம். அப்புறம் எந்தப் பிரசவமும் உங்க தீவுல வெச்சுக்க முடியாது. வலி வந்தா தழும்பு பிரிஞ்சிடும்."

"நீங்களா இருந்தா, டாக்டரம்மா?"

"ஆபரேஷன்தான். ஆனா சத்தியம் பண்ண மாட்டேன்."

லோசே உள்ளே போனாள். வலியிலும் சியாலே மரியாதைக்கு எழப்பார்த்தாள்.

"கெட புள்ள. நான் என்ன ராணியா?"

"ராணிக்குக்கூட இவ்வளவு பயந்ததில்லக்கா."

இருவரும் சிரித்தார்கள். லோசே அந்த வயிற்றையே பார்த்தாள். இருண்ட நீரில் யாரோ சம்மணமிட்டுக் காத்திருந்தார்கள், சீட்டு வாங்காமல் படகேறிவிட்டவர்களைப் போல.

"உனக்கு என்ன வேணும்? சொல்லு."

"அதை நான் சொல்லலாமாக்கா?"

"மழையத் தவிர வேற யாரு கேக்கப் போறா? சொல்லு."

சியாலே வயிற்றின்மேல் கையை வைத்தாள்.

"இது அழறதைக் கேக்கணும்க்கா. இன்னொண்ணு வந்தா, இங்கேயே வந்து கெடக்கேன்."

லோசே வெளியே வந்தாள். "ஆபரேஷனே பண்ணுங்க," என்றாள், வராந்தாக் கோடிவரை கேட்கும்படி. "நான் சொல்றேன்."

பெண் பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கடற்பறவைக் குஞ்சுபோல் கீச்சிட்டது, பிழைத்தது.

அடுத்த பிள்ளைக்குச் சியாலே முன்கூட்டியே கப்பலேறி, தலைநகரில் யார் வீட்டிலோ கிடந்தாள். மாமியார் இன்றும் முணுமுணுக்கிறாள்: "நல்ல வயித்தக் கிழிச்சுப் போட்டா என் மக."

"ஆமா, நான்தான் சொன்னேன்," என்பாள் லோசே, மீனைத் திருப்பிப் போட்டபடி. சியாலே தலை நிமிரமாட்டாள்.