மோட்டரை நிறுத்தியது யார்

1. குடித்துக் காட்டு

கொட்டாஞ்சேனையில் இனிப்புச் செய்து விற்கும் ஒருவரிடம் ஒரு கலன் குளுக்கோஸ் பாணி, அதாவது கெட்டிச் சீனிப்பாகு, வாங்கிக்கொண்டு ஓட்டோவில் வந்தோம். நான் பல்கலைக்கழகத்துப் புவியியல் ஆய்வுகூடத்தில் ரெக்னிக்கல் ஒபிசர். கூட வந்த மைதிலி ஆராய்ச்சி மாணவி. வவுனியாப் பிள்ளை, வெள்ளவத்தையில் போர்டிங். செக்பொயின்டில் மறித்தார்கள்.

"மே மொனவத?" இது என்னவென்று சிப்பாய் கலனைத் தட்டிக் கேட்டான்.

"பெனி," என்றேன். பாணிக்குச் சிங்களம் அதுதான்.

"பொன்ன," என்றான். குடி என்று அர்த்தம்.

யுத்த காலத்தில் எதைக் கொண்டுபோனாலும் குடித்துக் காட்டச் சொல்வார்கள். மூடியில் ஊற்றி நானும் குடித்தேன், மைதிலியும் குடித்தாள். சிப்பாய் ஒரு விரல் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான்.

மைதிலியின் மேற்பார்வையாளர் நசீர் சேர் பரிசோதனைக்கு முதலில் கேட்டது கிளிசரின். கெமிக்கல் என்று வாய் திறந்தாலே உள்ளே தூக்கிப் போடுகிற காலம். "செக்பொயின்டில அதை எப்படி சேர் குடிச்சுக் காட்டுறது?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, பாணியே எடுங்க," என்றார். ஆய்வேட்டில் 'விலை குறைவு' என்று காரணம் எழுதப்பட்டது. அதுவும் பொய்யில்லை.

2. சிவப்பு நூல்

பூமியின் ஓட்டுக்குக் கீழே உள்ள பாறை திண்மம்தான். ஆனாலும் கோடிக்கணக்கான வருடங்களில் அது பாணிபோல மெல்ல நகர்கிறது. ஆழத்தில் சூடேறிய பாறை இலேசாகி ஒரு தண்டாக மேலே ஏறும். அதை ப்ளூம் என்போம். மேலே உள்ள தகடு நகர்ந்தால் ப்ளூமும் இழுபட்டுச் சாயும். கொஞ்சம் சாய்ந்தால் பிழையில்லை. படுக்கிற அளவுக்குச் சாய்ந்தால் ஒரே தண்டாக இருக்க முடியாமல் இடையிடையே பருத்து, தனித்தனிக் குமிழ்களாகப் பிரிந்து ஏறும். சில எரிமலைத் தீவுகள் இடம்விட்டு இடம்விட்டு வரிசையாக நிற்பதற்கு இதுவும் காரணமாகலாம். எந்தச் சாய்வில் உடைகிறது என்பதே மைதிலியின் ஆராய்ச்சி.

கண்ணாடித் தொட்டி நிறையக் கெட்டிப் பாணி. அடியில் ஒரு துளை வழியே, தண்ணீர் கலந்து சிவப்புச் சாயம் போட்ட பாணி நூலாக ஏறும். அது சேலைன் ஸ்டாண்டில் தொங்கிய போத்தலிலிருந்து தானாக வருவது. மேற்பரப்பில் பிளாஸ்டிக் பெல்ட், அதுதான் எங்கள் தகடு. அதை இழுக்கத் தையல் மெசின் மோட்டர் ஒன்றை நான் பூட்டியிருந்தேன்.

நூல் சாய்ந்தது, உடைந்தது, படமும் எடுத்தோம். ஆய்வேட்டைப் பார்த்த வெளிப் பரீட்சகர் அதை ஏற்கவில்லை. நசீர் சேர் வந்து சொன்னார்: "நூல் தானா ஒடயல்லயாம். ஒங்கட மோட்டர் உதறுறதாலதான் ஒடயுதாம்."

எனக்குக் கோபம் வந்தது. மோட்டர் உதறியது உண்மைதான். நல்லதொன்று வாங்கித் தர ஆளில்லை, குறை சொல்ல மட்டும் ஆள் இருந்தது.

மைதிலிக்குக் கோபப்பட நேரமில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இடம் கொடுத்திருந்தது. அந்த வருடத்துக்குள் பட்டம் இல்லையென்றால் இடமும் இல்லை. வடக்குப் பிள்ளைகளை வைத்திருந்தால் வரும் பொலிஸ் பதிவுக்குப் பயந்து போர்டிங்கிலும் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார்கள்.

"அண்ணை, இது சரிவராட்டி நான் வவுனியாவுக்குத்தான் திரும்பிப் போகோணும்," என்றாள்.

மோட்டருக்குக் கீழே ரப்பர் வைத்தேன், பழைய டியூப் சுற்றினேன். உதறல் குறைந்ததே தவிர நிற்கவில்லை.

3. கரண்ட் கட்

ஒரு மத்தியானம் நூல் நன்றாகச் சாய்ந்து, உடையாமல், ஒரே தடிப்பாக இருந்தது. மைதிலி ஒரு படம் எடுத்தாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய் பெல்ட் நின்றது.

"சனியன்," என்றாள்.

மோட்டர் நின்றால் அன்றைய வேலை முடிந்தது என்பது எங்கள் பழக்கம். நான் சுவிட்சை அணைப்பேன், அவள் சிவப்புப் பாணிக் குழாயைக் கிளிப்பால் பூட்டுவாள், பிறகு தொட்டியைத் துப்புரவாக்குவோம். அன்று மற்ற அறைகளிலும் கரண்ட் இல்லையா என்று பார்க்க வராந்தாவுக்குப் போய்விட்டோம். கிளிப் பூட்டவில்லை.

திரும்பி வந்ததும் அவள் தொட்டியைப் பார்த்தபடி நின்றாள். "அண்ணை, கரண்ட் வந்திட்டுதோ?"

"இல்லையே."

"அப்ப இதைப் பாருங்கோ."

பெல்ட் அசையவில்லை, மோட்டரும் உதறவில்லை. ஆனால் படுத்திருந்த நூல் அங்கங்கே பருத்திருந்தது. பருத்த ஒவ்வொரு இடமும் மெல்லத் தலை தூக்கி, தனித்தனிக் குமிழாக ஏறத் தொடங்கியது. யன்னல் வெளிச்சம் போதுமாக இருந்தது. பிலிம் முடியும்வரை எடுத்தாள்.

அதன் பிறகு நாங்களே சுவிட்சை அணைத்து அணைத்துப் பார்த்தோம். நன்றாகப் படுத்த நூல் ஒவ்வொரு முறையும் உடைந்தது. அவ்வளவு சாயாதது மெல்ல நிமிர்ந்துகொண்டது.

4. மறுமொழி

வைவா என்ற வாய்மொழிப் பரீட்சையில் ஸ்லைட் போட என்னை உள்ளே வைத்திருந்தார்கள். அந்த வெளிப் பரீட்சகர் யாழ்ப்பாணத்துப் பெரியவர். பெல்ட் நின்றிருந்த படம் வந்ததும், அதுவரை இங்கிலிஷில் கேட்டவர் தமிழுக்கு வந்தார்.

"பிள்ளை, மோட்டரை ஆர் நிப்பாட்டினது?"

"ஒருத்தரும் இல்லை சேர். கரண்ட் போட்டுது."

அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். "அப்ப என்ர கேள்விக்குக் கரண்ட் கட் மறுமொழி சொல்லிப்போட்டுது," என்று கையெழுத்து வைத்தார். மைதிலி அந்த வருடமே பிளேன் ஏறினாள்.

பின்னர் என்னிடம் வேலை பழகியவர்களுக்கு நான் சொன்னது இதுதான்: கருவியில் பிழை என்று யாராவது சொன்னால் ரப்பர் தேடி ஓட வேண்டாம். அதை அணைத்துவிட்டு, போகாமல் நின்று பாருங்கள். அந்த மோட்டரின் சுவிட்ச் எப்போதும் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.