வெயிலில் பேசும் மழைமானி

வாத்தியார் கிடையாது, பாடவேளை கிடையாது, பரீட்சை கிடையாது, முடிவில் சான்றிதழும் கிடையாது. அவரவருக்குப் பிடித்த வேலையை அவரவரே எடுத்துக்கொண்டு, சில வாரங்கள் ஒன்றாகத் தங்கிப் புரோகிராம் எழுத வேண்டும், அவ்வளவுதான். ஹட்டனுக்கு மேலே ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்து, இளசுகள் சிலர் இப்படியொரு முகாம் நடத்தினார்கள். இதை மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், போய் விளக்கிச் சொல்லிப் பாருங்கள். ஜெனிதா சொல்லிப் பார்த்தாள். "அப்ப நீங்க வேல செய்றீங்களான்னு யாருதான் பாப்பாங்க?" என்று கேட்டாள் அவள் அம்மா தெரேசா.

நியாயமான கேள்விதான். கொழுந்து பறிக்கும் மலையில் வேலை என்றால் பார்ப்பதற்கு ஒரு ஆள் இருப்பார். மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் வளைவில் கேட்டதும் பெண்களின் பேச்சு நின்று கைகள் பறக்கும். பள்ளிக்கூடம் விட்டு அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோகும்போதெல்லாம் ஜெனிதா அதைப் பார்த்து வளர்ந்தாள். உயர்தரப் பரீட்சை முடித்து ஹட்டனில் ஒரு போட்டோகொப்பி கடையில் நின்றபோதும், முதலாளி தலை நிமிர்ந்தால் போதும், இவள் கை தானாக எதையாவது அடுக்கத் தொடங்கிவிடும். கடையில் ஆள் வராத வேளைகளில்தான் ஃபோனை வைத்துக்கொண்டு புரோகிராமிங் கற்றாள். முகாமில் இடம் கிடைத்ததும் அந்த வேலையை விட்டுவிட்டாள்.

அவள் அங்கே எடுத்துக்கொண்ட வேலை சும்மா விளையாட்டல்ல. லயத்துக்கு மேலே இருந்த மண்மேட்டில் போன வருஷ மழையில் ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், இங்கே இருக்கக் கூடாது என்று சொன்னார்கள், ஜீப்பில் ஏறிப் போனார்கள். எங்கே போய் இருப்பது என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார்கள். அன்றிலிருந்து மழை கொஞ்சம் வலுத்தாலும் லயத்துச் சனம் மொத்தமும் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு கீழே மாதா கோயிலுக்கு ஓடும். பாதி நாள் வீண் ஓட்டம், மறுநாள் வேலையும் கெடும்.

அதற்காகத்தான் ஜெனிதா ஒரு மழைமானி செய்து லயத்து முனையில் கம்பம் நட்டுப் பொருத்தினாள். மழை எவ்வளவு பெய்கிறதென்று அது பங்களாவில் இருக்கும் அவள் கணினிக்குச் சொல்லும். அளவு மீறினால் கணினி லயத்து ஃபோன்கள் எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை அனுப்பும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயிலில், எல்லாரும் பார்த்திருக்க அதில் ஒரு ஜக்கு தண்ணீரை ஊற்றினாள். லயத்து ஃபோன்கள் ஒன்றுவிடாமல் அடித்தன. பிள்ளைகள் ஆடின. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் சிவசாமி, "இனி இந்தப் புள்ள சொன்னா ஓடுவோம், இல்லாட்டி தூங்குவோம்" என்றார். தெரேசாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

கோளாறு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. சிக்னல் ஒருமுறை அறுந்து திரும்பினால் மழைமானி மறுபடி இணையவில்லை. அப்படியே வாயை மூடிக்கொண்டது. மலையில் சிக்னல் எப்போது அறும்? மழையில்தான். வெயிலில் வாய் ஓயாமல் பேசி, மழை வந்தால் ஊமையாகிற சாமானை அவள் கட்டி வைத்திருந்தாள்.

சொல்லியிருக்கலாம். அந்த முகாமில் அதற்கென்றே ஒரு வழக்கம் இருந்தது. அந்தியில் எல்லாரும் பிளேன்டீயோடு கூடத்தில் உட்கார்ந்து, தான் எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று ஆளுக்கு ஆள் சொல்ல வேண்டும். இதுகூடத் தெரியாதா என்று யாரும் கேட்கக் கூடாது. இறம்பொடையிலிருந்து வந்த தனுஜா தினமும் புதிதாக ஒரு இடத்தில் மாட்டி, அதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். ஜெனிதாவின் முறை வந்தால், "நல்லா போகுது" என்பாள். பகலில் யாராவது பின்னால் நடந்தால் அவள் விரல்கள் விசைப்பலகையில் பறக்கும். அவர்கள் போனதும் அடித்ததையெல்லாம் அழிப்பாள். கண்டாக்கே இல்லாத இடத்தில் தானே ஒரு கண்டாக்கைக் கொண்டுவந்து முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டவளை என்னவென்று சொல்வது! வீட்டுக்கு எடுத்துப் பேசும்போதும் அதே பல்லவிதான். "எல்லாம் சரிம்மா, நல்லா வேல செய்யுது."

மூன்றாவது வாரத்தில் அந்த மழை வந்தது. மத்தியானமே பங்களாவுக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. பின்னேரம் ஆகியும் விட்டபாடில்லை. ஜெனிதாவின் திரையில் மஸ்கெலியாவில் ஒரு சொட்டு மழைகூட இல்லை. மழைமானி எப்போதோ ஊமையாகிவிட்டது.

அம்மாவுக்கு எடுத்தாள். தொடர்பு கிடைக்கவில்லை. பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். எச்சரிக்கையைத் தன் கையாலேயே அனுப்பினாள். அது போய்ச் சேர்ந்தால் சனம் இறங்கிவிடும், தன் பொய்யும் தப்பிவிடும். இரண்டும் அந்த நேரத்தில் அவள் மனதில் இருந்தன, மறைப்பானேன். ஆனால் ஒரு ஃபோனுக்கும் அது போய்ச் சேரவில்லை. மறுபடி அனுப்பினாள். அதுவும் போகவில்லை.

கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். தனுஜா சொல்லி முடித்தாள். "ஜெனிதா?" என்றான் றொக்சன், முகாமை நடத்துகிறவர்களில் ஒருவன்.

"நல்லா..." என்று தொடங்கினாள்.

"நல்லா போகல. கம்பம் நட்டதுல இருந்தே போகல. மழ பேஞ்சா அது செத்துப்போகுது. எங்க லயத்துல எல்லாரும் அத நம்பி வீட்டுக்குள்ள இருக்காங்க. மேல மண்ணு வெடிச்சிருக்கு. ஒருத்தருக்கும் லைன் போகுதில்ல."

ஏன் முன்னமே சொல்லவில்லை என்று யாரும் கேட்கவில்லை. "நம்பரெல்லாம் சொல்லு" என்று தனுஜா ஃபோனை எடுத்தாள். எல்லாரும் எடுத்தார்கள். ஆளுக்கொரு எண்ணாக, எந்தக் கம்பெனி லைன் கிடைக்கிறதோ அதில், விடாமல் அடித்தார்கள். கூடம் முழுக்க ஒரே பதிவுக் குரல், தொடர்பில் இல்லை, தொடர்பில் இல்லை. ஜெனிதா நடுவில் நின்று எண்களைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"அடிக்குது!" என்று கத்தினான் றொக்சன். சிவசாமியின் எண். ஜெனிதா அவன் கையிலிருந்த ஃபோனைப் பிடுங்கினாள்.

"அண்ணே, அம்மாகிட்ட குடுங்க, சீக்கிரம்!"

தகரத்தில் மழை கொட்டும் சத்தத்துக்கு நடுவே அம்மாவின் குரல் வந்தது.

"இன்னும் வீட்லயா இருக்கீங்க?"

"ஃபோன் அடிக்கலியேடி. அடிச்சதும் போவோம்னு மூட்டையெல்லாம் கட்டி வச்சிருக்கோம்."

"அடிக்காதும்மா. அது வேல செய்யல. நல்லா இருக்குன்னு ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். கெளம்புங்கம்மா, எல்லாரையும் கூட்டிக்கிட்டு கெளம்புங்க."

"ஒன்ன பொறகு பேசிக்கிறேன்" என்றாள் தெரேசா. அடுத்து அவள் லயத்தைப் பார்த்துக் கத்தியது ஜெனிதாவின் காதைத் துளைத்தது. "எந்திரிங்க எல்லாரும்! எம் மக சாமான் பொய்யி! கோயிலுக்கு நடங்க!"

கோயிலிலிருந்து அம்மா எடுக்கும்வரை ஜெனிதாவுக்கு உயிர் உயிராக இல்லை. கைக்குழந்தை உட்பட எல்லாரும் வந்து சேர்ந்தாயிற்று என்று தெரேசா சொல்லிக்கொண்டிருக்கும்போதே அங்கே ஃபோன்கள் ஒன்றாக அடிக்கத் தொடங்கின. ஜெனிதா கையால் அனுப்பிய எச்சரிக்கை, ஆடி அசைந்து அப்போதுதான் போய்ச் சேர்ந்தது. "வந்திருச்சய்யா பெரிய மனுசன்" என்று சிவசாமி சிரிப்பது கேட்டது. ஜெனிதா சிரிக்கவில்லை, அழுதாள்.

மண்மேடு அன்று சரியவில்லை. சரிந்திருந்தால் அவளை யாரும் மன்னித்திருக்க மாட்டார்கள், அவளும்தான். சரியாததால் வேறு பேச்சு வந்தது. நனைந்ததுதான் மிச்சம் என்றார்கள். தெரேசா மகளோடு இரண்டு நாள் பேசவில்லை. வேலைக்குப் போகிற வழியில் நாலு பேர் கேட்பதற்கெல்லாம் அவளல்லவா பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அறுந்த இணைப்பைத் திரும்பப் பிடிக்கும் வேலையைத் தனுஜா பக்கத்தில் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தாள். அதற்கு ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. இத்தனை நாள் இதற்காகவா செத்தேன் என்று ஜெனிதாவுக்கு அவமானமாக இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. தனியாக உட்கார்ந்து இன்னொன்றையும் எழுதிச் சேர்த்தாள். பின்னால் யார் நடந்தார்கள் என்று அவள் கவனிக்கவே இல்லை.

முகாம் முடிவதற்குச் சற்று முன்பு, பளிச்சென்று வெயில் அடித்த ஒரு காலையில், தெரேசா எடுத்தாள்.

"ஏண்டி, எல்லா ஃபோனும் அடிக்குது. வானத்துல ஒரு மேகமில்ல."

"மெசேஜ்ல மழன்னா போட்டிருக்கு?"

தெரேசா எழுத்துக்கூட்டி வாசித்தாள். "என்னால் மழையை அளக்க முடியவில்லை. இப்போது என்னை நம்பி இருக்காதீர்கள்."

"அங்க கரண்டு போயிருக்காம்மா?"

"ஆமா, விடிஞ்சதுல இருந்தே இல்ல."

"அதான். மழைமானி பேச்சு நின்னா, இனி இங்கருந்து கம்ப்யூட்டரே ஒங்களுக்குச் சொல்லிரும்."

தெரேசா அந்தச் செய்தியை இன்னொரு முறை எழுத்துக்கூட்டினாள்.

"அப்ப நம்பலாம்" என்று சொல்லி தெரேசா ஃபோனை வைத்தாள்.