ஒரு தம்ளர் பானைத் தண்ணீர்

சளி பிடித்தது தம்பிக்கு; கஷாயம் குடித்தது அம்மா. எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. பால்குடிப் பிள்ளைக்கு என்ன வந்தாலும் தாய்க்காரி பத்தியம் இருக்க வேண்டும், அவள் தின்பதும் குடிப்பதும் பாலில் இறங்கிப் பிள்ளையைச் சேரும் என்பது அத்தையின் தீர்மானம். அத்தை அப்பாவுக்கு மூத்தவள், கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடு இருந்தவள், பாளையங்கோட்டையில் டீச்சர். அவளுக்கு எதிராக அப்பா வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது, தம்பிக்கு நான்கு மாதம். வண்ணார்பேட்டையில் தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கிற கத்திரி வெயில். அந்த வெயிலில் அம்மாவுக்கு மூன்று வேளையும் சுக்கு, மிளகு, திப்பிலி தட்டிப்போட்டு உடன்குடிக் கருப்பட்டி கரைத்த கஷாயம். மோர் ஆகாது, வாழைப்பழம் ஆகாது, தலைக்குக் குளிக்கக்கூடாது, ஃபேன் போடக்கூடாது. குடிக்க வெந்நீர் மட்டும். தம்பியின் நெஞ்சில் சூடு பண்ணின தேங்காய் எண்ணெய். அத்தையைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? இடித்ததும் காய்ச்சியதும் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணியதும் அவள்தான். இதே கஷாயத்தில்தான் சின்னதில் அப்பாவும் பின்னால் நானும் பிழைத்தோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சளி தானாகவும் போகும் என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் காலையில் திப்பிலி தீர்ந்துபோய் அத்தை கடைக்குப் போனாள். அம்மா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். உதடெல்லாம் வெடித்திருந்தது.

"ஏட்டி, பானையில ஒரு தம்ளர் தண்ணி பைய எடுத்துட்டு வா. அத்தைட்ட சொல்லிராத."

கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தாள். ஈரம் தெரியாமல் தம்ளரைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தது நான். பெரிய களவு செய்துவிட்ட பெருமை எனக்கு.

மதியம் அம்மா அசந்து கிடந்தாள். தம்பிக்குக் காவல் நான். சட்டையில்லாமல் பாயில் கிடந்தான், அழவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் அவன் விலா எலும்புக்குக் கீழே ஒரு குழி விழுந்து விழுந்து எழும்பியது. எனக்கு ஒரே வேடிக்கை. சுண்டுவிரலை அதில் வைத்தேன். விரல்நுனி உள்ளே போய்ப் போய் வந்தது. நானும் என் வயிற்றை எக்கிப் பார்த்தேன், அப்படி வரவில்லை. இத்தனூண்டுப் பயலுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே என்று கொஞ்சம் பொறாமைகூட.

அம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "பிள்ள என்ன செய்யுதான்?"

"சும்மாதாம்மா படுத்திருக்கான்" என்றேன்.

சாயங்காலம் அவன் பால் குடிக்கவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. அப்பா ஆபீஸிலிருந்து வந்த காலோடு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மறுநாள் காலையில் அவனைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். நேற்றே கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று டாக்டர் கேட்டாராம்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய பிறகு அத்தை அம்மாவின் முன்னால் வந்து நின்றாள். அழுது அழுது அவளுக்கும் குரல் போயிருந்தது. எங்கேயோ பத்தியம் தப்பியிருக்கிறது என்றாள்.

"பச்சத்தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன் மைனி. நானேதான் எடுத்துக் குடிச்சேன்."

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். பாவி, வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து அம்மா, தண்ணீர் குடித்துப் பிள்ளையைப் பறிகொடுத்தவள். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. இன்றுவரை, எந்த வெயிலிலும், அவள் குடிப்பது வெந்நீர்தான்.

போன வருஷம் என் மகளுக்குச் சளி பிடித்தது. டாக்டரம்மா பிள்ளையின் சட்டையைத் தூக்கி, விலாவுக்குக் கீழே விரல் வைத்துக் காட்டினார். மூச்சு இழுக்கும்போது இந்த இடத்தில் குழி விழுந்தால் ஒரு நிமிஷம்கூட வீட்டில் வைத்திருக்காதீர்கள், தூக்கிக்கொண்டு ஓடிவாருங்கள் என்றார். நான் என் சுண்டுவிரலை மடக்கிக்கொண்டேன். தாய் பச்சைத்தண்ணீர் குடித்தால் பிள்ளைக்கு ஆகாதா என்று கேட்டேன். யார் சொன்னது, பால் கொடுக்கிறவள்தான் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன், அது தண்ணீரால் வந்ததில்லை என்று. அவள் எழுந்து போய் அடுப்பில் வெந்நீர் வைத்தாள்.

மீதியை நான் சொல்லவில்லை. இனியும் சொல்லமாட்டேன். அந்த மூன்று நாளும் வீட்டில் எல்லோரும் அம்மாவின் தட்டையும் தம்ளரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பிக்குக் குழி விழுந்ததைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். மூச்சுக்கு அவன் அப்படிப் பாடுபடுகிறான் என்று எனக்குத் தெரியவில்லை. விளையாடுகிறான் என்று நினைத்தேன்.