கறிக்குக் கொடுத்த மீன்

போன பெருநாளுக்கு நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து வந்து கேட்டீர்கள், ஒரு நாளைக்கு அறுகங்குடாவுக்குப் போய்க் கடலில் குளித்துவிட்டு வருவோமே வாப்பா என்று. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் போய்வந்துவிட்டார்களாம். நான் ஏசிப்போட்டேன். சின்ன மகள் அழுதுகொண்டு உம்மாவிடம் ஓடினாள். என் கோபம் உங்கள் மேல் இல்லை. அது யார் மேல் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுதத் தெரிந்தமட்டில் எழுதி வைக்கிறேன், வளர்ந்தபின் படியுங்கள்.

அந்தக் குடாவில் எங்களுக்கு ஒரு பாடு இருந்தது. பாடு என்றால் கரைவலை இழுக்கிற கரைத்துண்டு. மாரி முடிந்து கடல் தணிந்ததும், சாய்ந்தமருதில் இருந்து நாற்பது பேர் வலையோடும் அரிசி மூட்டையோடும் அங்கே போவோம். ஓலையால் வாடி கட்டிக்கொண்டு, அடுத்த மாரி இருட்டும் வரைக்கும் இருப்போம். என் வாப்பாவுக்கு முன் அவருடைய வாப்பா இழுத்த பாடு அது. காணிப் பத்திரம், உறுதி என்று ஒன்றும் கிடையாது. கடற்கரைக்கு யார் உறுதி எழுதினது? பக்கத்து ஊரான பொத்துவிலில் எவரைக் கேட்டாலும், அது இன்னாருடைய பாடு என்று கையைக் காட்டுவார்கள். எங்களுக்கு அது போதும் என்று இருந்தோம்.

கரைவலையைத் தோணியில் கொண்டுபோய் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு பக்கமும் கரையில் நின்று கம்பானை இழுக்க வேண்டும். கம்பான் என்பது அந்தத் தடித்த கயிறு. அதில் ஒரு வழக்கம் இருந்தது. வழியால் போகிறவன் யாராக இருந்தாலும் சரி, கம்பானில் கை வைத்து இரண்டு இழுவை இழுத்தான் என்றால், மீன் விழுந்த வலைமடி கரைக்கு வந்ததும் அவனுக்குக் கறிக்கு மீன் கொடுத்தே ஆக வேண்டும். நிறுப்பது இல்லை, எண்ணுவது இல்லை, நீ யார் என்று கேட்பதும் இல்லை. கொடுத்த பிறகு அதைப் பற்றிக் கதைப்பதும் இல்லை. சின்ன வயதில் ஒரு தரம், சண்டையில் ஒரு பையனைப் பார்த்து, நேற்று எங்கட வாப்பா தந்த மீனைத்தானேடா தின்ட என்று சொல்லிவிட்டேன். வாப்பா என்னை அடித்தது அந்த ஒரே ஒரு தரம்தான்.

பிறகு வெள்ளைக்காரப் பொடியன்மார் பலகைகளைத் தூக்கிக்கொண்டு அலையில் சறுக்க வந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் வாடிக்குப் பக்கத்திலேயே படுப்பார்கள், காலையில் வந்து கம்பானைப் பிடிப்பார்கள். எங்களோடு இழுத்த மாமா ஒருவர் இருந்தார், பகிடிக்காரர். "தண்ணியில நல்லா நிக்கிறான், தரையிலதான் விழுறான்" என்பார். அவர்களுக்கும் மீன் கொடுத்தோம். வாடிக்கு முன்னாலேயே சுட்டுத் தின்றார்கள்.

அவர்களைப் பார்த்து வந்தவன்தான் முதலாளி. எங்கேயோ தூரத்துப் பட்டணத்து ஆள். எங்கள் பாட்டுக் கரைக்குப் பின்னால் இருந்த தென்னங்காணியை வாங்கி, வெள்ளைக்காரர் தங்குகிற அறைகள் கட்டினான். முதல் நாள் காற்சட்டையை முழங்கால் வரைக்கும் மடித்துவிட்டுக்கொண்டு சிரித்த முகத்தோடு இறங்கி வந்து, கம்பானில் கை வைத்தான். வாப்பா இரண்டு நல்ல பாரை மீன் பார்த்துக் கொடுத்தார். அடுத்த நாளும் வந்தான். ஒரு கிழமைக்குப் பிறகு தான் வராமல் சமையல்காரனை அனுப்பினான். அந்த மனிசன் ஒரு பெரிய பேசினைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து, ஒற்றை விரலால் கம்பானைத் தொட்டுவிட்டு நிற்பார். எங்களுக்குச் சிரிப்பு வரும். மாமா அவரைப் பார்த்து, பாத்து மச்சான், விரல் சுளுக்கிரும் என்பார். வாப்பா மட்டும் சிரிக்க மாட்டார். பேசினை நிரப்பி அனுப்புவார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அது பத்துப் பேர் தின்னுகிற மீன், அவன் அதைப் பொரித்து வெள்ளைக்காரனுக்கு விற்கிறான் என்று சொன்னேன்.

"கைய வெச்சிட்டான்டா மனே," என்றார் வாப்பா. "பொறகு அது அவன்ட மீன். அவன் விக்கட்டும், கடலுக்க போடட்டும்."

இரண்டு வருசம் இப்படிப் போனது. மூன்றாம் வருசம் நாங்கள் போய் இறங்கியபோது, வாடி கட்டுகிற இடத்தில் முதலாளி போட்ட கம்பி வேலி நின்றது. மீன் காய்கிற மணம் விருந்தாளிகளுக்கு ஒத்துவரவில்லையாம். கம்பான் காலில் தடக்குதாம். அது தன்னுடைய காணியின் முன்பக்கமாம். வாப்பா ஊர் அதிகாரியான விதானையிடம் போனார். காணிக் கந்தோரில் இருந்து அரசாங்க உத்தியோகம் பார்க்கிற ஒரு ஐயா விசாரணைக்கு வந்தார்.

அந்த ஐயாவைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மணலில் கதிரை போட்டு இருந்து, எல்லாரையும் பொறுமையாகக் கேட்டார். பொத்துவில் ஆட்கள் வந்து இது இவர்களுடைய பாடுதான் என்றார்கள். ஐயா தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். தப்பினோம் என்றுதான் நினைத்தேன். அப்போது முதலாளி எழும்பினான். குரலை உயர்த்தாமல், மரியாதையாகச் சொன்னான். இவர்கள் என் காணிக்கு முன்னால் தொழில் செய்கிறதுக்கு நான் இடம் கொடுத்தேன், அதற்கு வாடகையாகத் தினமும் மீன் தந்துகொண்டுதான் இருந்தார்கள், வேண்டுமென்றால் அவரையே கேளுங்கள் என்றான்.

ஐயா வாப்பாவைப் பார்த்தார். "ஒவ்வொரு நாளும் மீன் குடுத்தீங்களா?"

"ஓம், குடுத்த."

"என்னத்துக்குக் குடுத்தீங்க?"

வாப்பா வாய் திறக்கவில்லை. நான் சொல்லப் போனேன். வாப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். கம்பான் இழுத்த கை, இரும்பு மாதிரி. நாற்பது பேரும் நின்றார்கள், மாமாவும் நின்றார், ஒருவரும் கதைக்கவில்லை. ஏனென்றால் அவர்களுக்கும் தெரியும். தின்றவனுடைய முகத்துக்கு நேரே, இது நான் உனக்குச் சும்மா கொடுத்தது என்று எப்படிச் சொல்வது? கொடுத்ததைச் சொல்லிக்காட்டினால் அதன் நன்மை அழிந்துபோகும் என்று குழந்தையில் இருந்தே படித்த ஆட்கள் நாங்கள். ஐயா இன்னொரு தரம் கேட்டார். வாப்பா மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐயா எழுதினார். சமையல்காரர் பின்னால் பேசின் இல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றதை நான் கண்டேன்.

ஒரு கிழமைக்குள் வலையைச் சுருட்டச் சொல்லிக் கடிதம் வந்தது.

லொறியில் வலைக்கு மேல் இருந்து திரும்பி வரும்போது நான் வாப்பாவோடு சண்டை பிடித்தேன். உங்களில் மூத்தவன் அப்போது உம்மாவின் வயிற்றில். கோமாரி தாண்டும் வரைக்கும் கத்தினேன். ஒரு சொல் சொல்லி இருந்தால் போதுமே, வாய்க்குள் என்ன கிடந்தது என்று கேட்டேன்.

"குடுத்தத வாயால திருப்பி எடுத்தா," என்றார், "நாளைக்கி அல்லாஹ்ட முன்னால என்னத்தக் காட்டுற?"

"அப்ப இந்த நாப்பது வீட்டுக்கும் என்னத்தக் காட்டுற வாப்பா?"

அவர் அவிழ்ந்து கிடந்த கம்பானை இழுத்து வலையோடு சேர்த்துக் கட்டினார்.

வலை கிடந்து உக்கியது. வேறு பாடு கிடைக்கவில்லை, எல்லாப் பாட்டுக்கும் ஆள் இருந்தது. மாமா வயலில் கூலிக்கு வெள்ளாமை வெட்டப் போனார். கடலில் நின்ற கால், சேறு ஒத்துவரவில்லை. பகிடியும் விட்டுப்போனது. நாலைந்து பேர் வெளிநாட்டுக்குப் போனார்கள். நான் மேசன்மாருக்குச் சீமெந்து குழைத்தேன், இன்றைக்கும் அதுதான் செய்கிறேன். வாப்பா சாகும் வரைக்கும் ஊர்க் கடற்கரையில் மற்றவர்களுடைய கம்பானில் கை வைத்தார். மடி வந்ததும் எல்லாருக்கும் பின்னால் போய் நிற்பார். முன்பு அவருடைய தண்டத்தில், அந்த நாற்பது பேரில், இழுத்த ஒருவன்தான், ஓலைப்பையில் நாலு சூடை மீன் போட்டுக் கொடுப்பான். அந்த மீனை உங்கள் உம்மா ஆக்கித்தருவாள், நான் வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழும்பிவிடுவேன்.

இப்போது அந்தக் கடற்கரையை உலகத்திலேயே அழகான இடம் என்கிறார்கள். ஓம், அழகுதான். கொழும்பில் இருந்தும் வெளிநாட்டில் இருந்தும் வந்து படம் பிடிக்கிறார்கள். நாங்கள் வாடி கட்டின இடத்தில் சாய்மணைக் கதிரை போட்டிருக்கிறதாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சொன்னார்கள்.

வாப்பா நல்ல மனிசர். அவரைப்போல நல்ல மனிசராய் இருங்கள் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஆனால் எனக்கு வாய் வருகுதில்லை. கொடுங்கள் பிள்ளைகளே, எண்ணாமல் கொடுங்கள். அதைத் தின்றவன் உங்கள் முகத்தைப் பார்த்து வாடகை என்று சொன்னால், தலையைக் குனியாதீர்கள். அவர் சொல்லாமல் போனதை இன்றைக்கு நான் எழுதுகிறேன். பாவம் என்றால் அது என் கழுத்தில் கிடக்கட்டும்.

அது வாடகை இல்லை. அது எங்கள் பாடு. நாங்கள் இழுத்தோம், நாங்கள் கொடுத்தோம், அவன் தின்றான்.